எல்லையோரக் கடலைக் கொல்லை: விதைப்பு முதல் விதைக்காய் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கொல்லை பரதராமிக்குப் பக்கத்தில் இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகிற சாலையில் தமிழ்நாடு முடிகிற இடம். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கம், மீதிப்பேர் இந்தப் பக்கம். வீட்டில் தமிழ், விதைக்கடையில் தெலுங்கு. மல்லாட்டை என்றாலும் வேர்க்கடலை என்றாலும் வேருசெனக என்றாலும் எங்களுக்கு அது ஒரே பயிர்தான். பலமநேர், வி.கோட்டா, பேர்ணாம்பட்டுப் பக்கம் கடலை போடுகிறவர்கள், குறிப்பாகப் புதிதாக நிலத்துக்குத் திரும்பிய பிள்ளைகள், திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் மானாவாரிக் கடலையைப் பற்றித்தான். கிணற்றுப் பாசனத்துக்கு மாறுகிற இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வேலையை மட்டும் இப்போதே செய்துவிடுங்கள். விதைத்த தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு, அதிலிருந்து நாள் எண்ணி வாருங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் போகின்றன.

எந்த மழைக்கு விதைப்பது?

ஆனிக் கடைசியிலிருந்து ஆடி முடியும்வரை நல்ல பருவம். முதல் தூறலைப் பார்த்ததும் விதைமூட்டையை அவிழ்க்காதீர்கள். உழுத கொல்லையில் கையை விட்டுப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இருந்து, மண் பிடித்தால் உருண்டு, விட்டால் உதிர வேண்டும். மேலாக நாலு விரல் ஈரத்தில் விதைத்தால் முளை வரும், அப்புறம் பத்து நாள் காய்ந்தால் பாதிச் செடி போய்விடும். விதைச் செலவுதான் கடலையில் பெரிய செலவு. அதை இரண்டு முறை செய்ய யாராலும் முடியாது.

அதற்காக ஆவணிக் கடைசிவரை தள்ளிப்போடுவதும் ஆபத்து. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கும். ஆனிக் கடைசியிலேயே விதைத்தால் அது வலுப்பதற்குள் காய் வீட்டுக்கு வந்துவிடும். தாமதமானால் பிடுங்குகிற நாளும் அடைமழையும் ஒன்றாக வரும்.

கிணறு உள்ளவர்களுக்கு மார்கழிப் பட்டம்தான் சுகம். பனிக்காலத்தில் முளை கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் பூச்சியும் நோயும் குறைவு.

எந்த ரகம் போடலாம்?

எங்கள் தாத்தா காலம் முழுவதும் டி.எம்.வி. 2 தான். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940இல் வந்த ரகம், இன்னும் சில கொல்லைகளில் இருக்கிறது. இப்போது இந்தப் பக்கம் கையில் அதிகம் புழங்குவது கதிரி 6. திருப்பதி ஆராய்ச்சி நிலையத்தின் நாராயணி, தரணி இரண்டையும் சித்தூர்ப் பக்கத்தில் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் விருத்தாசலத்து வி.ஆர்.ஐ. ரகங்களும் திண்டிவனத்துப் புது ரகங்களும் வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கும். கதிரி லேபாக்ஷி வறட்சியைத் தாங்கி நிறையக் காய் பிடிக்கிறது, ஆனால் நாள் கூடுதலாக எடுக்கும். அந்தக் கூடுதல் நாளுக்கு உங்கள் மண்ணில் ஈரம் நிற்குமா என்று பார்த்துக்கொண்டுதான் போட வேண்டும்.

என் கருத்து இது. ரகத்தைவிட முளைப்புத்திறன் முக்கியம். பேர் தெரிந்த ரகத்தின் கெட்ட விதையைவிட, பக்கத்துக் கொல்லையில் நன்றாக விளைந்த சாதாரண ரகத்தின் நல்ல விதை மேல்.

ஏக்கருக்கு விதை எவ்வளவு? எப்படித் தயார் செய்வது?

சிறுபருப்பு ரகமென்றால் உரித்த பருப்பு 50 கிலோ, பெரும்பருப்பு என்றால் 55 முதல் 60 கிலோ. 100 கிலோ காய் உரித்தால் சுமார் 70 கிலோ பருப்பு வரும், அதில் சுருங்கியது, உடைந்தது, தோல் கிழிந்தது எல்லாம் கழியும். அதனால் ஏக்கருக்கு 80 கிலோ காயாவது கையில் இருக்க வேண்டும்.

காயாகவே வைத்திருந்து, விதைப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது உரியுங்கள். கையால் உரிப்பது நல்லது. இயந்திரத்தில் உடைத்தால் மேலே சிவப்புத் தோல் முழுசாகத் தெரியும், உள்ளே பருப்பு இரண்டாகப் பிளந்திருக்கும். அது முளைக்காது.

நாலு வருடத்துக்கு முன்னால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கடையில் உரித்த பருப்பாக வாங்கி, அவசரத்தில் முளைப்புப் பார்க்காமல் விதைத்தேன். பத்தாம் நாள் கொல்லையைப் பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி. நூற்றுக்கு அறுபதுகூட வரவில்லை. இடம் காலியானதால் களை ஏறியது, மகசூல் பாதியானது. அன்றிலிருந்து எந்த விதையானாலும் 100 பருப்பை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விதைக்கிறேன். ஐந்தாறு நாளில் தெரிந்துவிடும். 85க்கு மேல் முளைத்தால் கவலையில்லை. 70 என்றால் விதையளவைக் கூட்டுங்கள். அதற்கும் கீழே என்றால் வறுத்துச் சாப்பிடலாம்.

விதை நேர்த்தியை விடவே கூடாது. கிலோ பருப்புக்கு நோயைத் தடுக்கிற டிரைக்கோடெர்மா விரிடி பூஞ்சைத் தூள் 4 கிராம் கலந்தால் வேரழுகல், கழுத்தழுகல் குறையும். கடைசியில் வேரில் முடிச்சு உண்டாக்குகிற நுண்ணுயிரான ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து பருப்பின் மேல் பூசி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். பருப்பைப் போட்டுத் தேய்க்காதீர்கள், கோணியில் கொட்டி இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து மெல்ல ஆட்டினால் போதும்.

ரசாயன மருந்தும் ரைசோபியமும் சேர்க்கலாமா?

ஒரே நேரத்தில் கூடாது. கார்பென்டசிம் போடுவதென்றால், கிலோவுக்கு 2 கிராம், விதைப்புக்கு முந்தின நாளே போட்டுவிடுங்கள். மறுநாள் ரைசோபியம். டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சை, கார்பென்டசிம் பூஞ்சையைக் கொல்வது. இரண்டில் ஒன்றுதான்.

இடைவெளி, ஆழம்?

வரிசைக்கு வரிசை ஒரு அடி, செடிக்குச் செடி நாலு விரற்கடை, அதாவது 30க்கு 10 சென்டிமீட்டர். சதுர மீட்டருக்கு 33 செடி நிற்க வேண்டும். ஆழம் 5 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஏருக்குப் பின்னால் சாலில் விடுகிறவர்கள் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள், ஆழமாக விழுந்த விதை தண்டை நீட்டியே களைத்துப்போகும்.

ஏழு எட்டு வரிசை கடலைக்கு ஒரு வரிசை துவரை அல்லது மொச்சை விடுங்கள். சித்தூர்ப் பக்கம் அனுமுலு என்று அவர்கள் சொல்கிற மொச்சை, கடலையைப் பிடுங்கிய பிறகும் நின்று பொங்கல் சமயத்தில் காய் கொடுக்கும். கடலை கைவிட்ட வருடங்களில் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது அந்த ஒற்றை வரிசைதான்.

அடியுரம் என்ன போட வேண்டும்?

மட்கிய தொழுவுரம் ஏக்கருக்கு 5 டன் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. மானாவாரிக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை எக்டருக்குத் தழைச்சத்து 10, மணிச்சத்து 10, சாம்பல்சத்து 45 கிலோ. ஏக்கர்க் கணக்கில் யூரியா 9 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 25 கிலோ, பொட்டாஷ் 30 கிலோ வரும். டி.ஏ.பி. கிடைக்கிறதே என்று அதையே போடாமல் சூப்பரைத் தேடி வாங்குங்கள். அதில் மணிச்சத்தோடு கந்தகமும் சுண்ணாம்புச்சத்தும் சேர்ந்து வருகிறது, கடலைக்கு இரண்டுமே வேண்டும். யூரியாவைக் கூட்டினால் செடி பச்சைப் பசேலென்று ஆளுயரம் வளர ஆசைப்படும், காய் இருக்காது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற முடிச்சு அதன் வேரிலேயே இருக்கிறது.

களை எடுப்பது எத்தனை முறை?

இரண்டு முறை. 20ஆம் நாளில் ஒன்று, 40ஆம் நாளில் ஒன்று. ஆள் கிடைக்காத ஊர்களில் விதைத்த மூன்று நாளுக்குள் பென்டிமெத்தலின் களைக்கொல்லி தெளித்துவிட்டு, 40ஆம் நாள் கைக்களை மட்டும் எடுக்கிறார்கள். மண்ணில் ஈரம் இருந்தால்தான் அந்த மருந்து வேலை செய்யும்.

45ஆம் நாளுக்குப் பிறகு களைக்கொத்து கொல்லைக்குள் போகவே கூடாது. பெரிய களை நின்றால் கையால் அறுத்து எடுங்கள். காரணம் அடுத்தடுத்த பதில்களில் வருகிறது.

இருபது நாளில் செடி வாடுகிறது. தண்ணீர் விடலாமா?

முளைப்பு சீராக வந்திருந்தால் பொறுங்கள். விதைத்த தண்ணீர், நாலைந்து நாளில் உயிர்த்தண்ணீர், அதோடு 20, 25 நாள்வரை கடலையைக் கொஞ்சம் காயவிடுவது நல்லது. அந்தச் சமயத்தில் வேர் ஆழம் தேடிப் போகும், பூ சிதறிச் சிதறி வராமல் ஒன்றாக வரும். ஒன்றாகப் பூத்தால் ஒன்றாக முற்றும். மானாவாரியிலும் இந்த நாட்களில் மழை தள்ளினால் மனம் உடைந்துபோக வேண்டாம். கடலை பொறுத்துக்கொள்ளும்.

அது பொறுக்காத காலம் பூவெடுத்த பிறகு வருகிறது. பூக்கும்போதும், விழுது (பூவின் அடியிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகிற காம்பு) இறங்கும்போதும், காய் திரளும்போதும் ஈரம் குறைந்தால் அந்த நட்டத்தை எதுவும் ஈடுகட்டாது. பண்ணைக்குட்டை வைத்திருக்கிறவர்கள் அந்தத் தண்ணீரை 45ஆம் நாளிலிருந்து 75ஆம் நாளுக்குள் ஒரு முறை கொடுக்கச் சேமித்து வையுங்கள்.

ஜிப்சம் எதற்கு? எப்போது? சூப்பர் போட்டோமே, போதாதா?

கடலையில் லாபமா நட்டமா என்பது 40ஆம் நாளிலிருந்து 75ஆம் நாள்வரை, மண்ணின் மேல் மூன்று அங்குலத்தில் முடிவாகிறது. மேலே இலை எப்படி இருக்கிறது என்று வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள் கடைசியில் காயைப் பிடுங்கும்போது ஏமாறுவது இதனால்தான். அதனால் இந்தப் பதில் நீளம்.

25, 30 நாளில் இலைக்கக்கத்தில் மஞ்சள் பூ வரும். பூ விரிந்து கருவுற்று ஒரு நாளிலேயே வாடிவிடும். அதன் அடியிலிருந்து ஒரு காம்பு ஊசி மாதிரி கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் நுழையும். நாம் அதை விழுது என்கிறோம். தெலுங்கில் ஊடலு என்கிறார்கள், ஆலமரத்து விழுதுக்கும் அவர்களிடம் அதே சொல்தான். இரண்டு மொழிக்காரர்களும் தனித்தனியே ஆலமரத்தை நினைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். அந்த விழுதின் நுனிதான் மண்ணுக்குள் போய்ப் படுத்துக் காயாகிறது. நுனி மண்ணைத் தொடாவிட்டால் காய் இல்லை. பாதியில் அறுந்தாலும் காய் இல்லை. 50ஆம் நாள் களைக்கொத்து போட்டால் எத்தனை விழுது அறுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது சுண்ணாம்புச்சத்துக்கு வருவோம். வேர் உறிஞ்சுகிற சுண்ணாம்புச்சத்து நீரோடு சேர்ந்து மேலே ஏறும். இலைதான் நீரை ஆவியாக விடுகிறது, அதனால் நீரோட்டம் இலையை நோக்கியே போகும். மண்ணுக்குள் இருக்கிற காய் ஆவி விடுவதில்லை. அதன் பக்கம் நீர் ஓடாது, சுண்ணாம்பும் வராது. இலைக்குப் போனது திரும்பி இறங்கி வருவதும் கிடையாது. ஆகவே வளர்கிற காய் தனக்கு வேண்டியதைத் தன் ஓட்டின் வழியாகச் சுற்றியிருக்கிற மண்ணிலிருந்தே எடுத்தாக வேண்டும். மேல்மண்ணில் அந்த நேரத்தில் கரைந்த சுண்ணாம்புச்சத்து இல்லையென்றால் ஓடு வரும், உள்ளே பருப்பு வராது. பொக்குக்காய். நம் செம்மண், அதுவும் சரளை கலந்த மேட்டுக்கொல்லை, இந்தச் சத்தில் ஏழை.

அதனால் ஜிப்சம். சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்தது, விலையும் குறைவு. தமிழ்நாட்டுப் பரிந்துரை எக்டருக்கு 400 கிலோ, ஏக்கருக்கு 160 கிலோ. ஆந்திரப் பக்கம் 200 கிலோ சொல்கிறார்கள். பாசனக் கடலையில் பாதியை அடியிலும் பாதியை 40, 45ஆம் நாளிலும் இடலாம். மானாவாரியில் இரண்டாம் களை எடுத்த கையோடு, மண்ணில் ஈரம் இருக்கிற நாளாகப் பார்த்து, செடியின் தூரைச் சுற்றி விழும்படி தூவி மண் அணையுங்கள். கொல்லை முழுக்க வீசி எறிந்தால் பாதி காய் இல்லாத இடத்தில் கிடக்கும். மழை இல்லையென்றால் ஓரிரு வாரம் காத்திருந்து மழைக்குப் பின்னால் போடலாம், காய்ந்த மண்ணில் போட்ட ஜிப்சம் கரையாது.

மண் அணைப்பதை நினைத்துச் செய்யுங்கள். வேலை ஆட்களுக்கு முதல் சாலில் நீங்களே செய்து காட்டுங்கள். பொலபொலவென்று இரண்டு விரல் கனத்துக்கு மண் விழுதுக்குப் பக்கத்தில் வர வேண்டும். தூரையே மூடினால் கழுத்தழுகல் வரும்.

சூப்பர் போட்டது வேருக்கு. ஜிப்சம் காய்க்கு. பொட்டாஷை இந்த நேரத்தில் மேலுரமாகப் போட்டுவிடாதீர்கள், காய்ப் பகுதியில் அது சுண்ணாம்புச்சத்தோடு போட்டிபோடும்.

செடிமேல் காலி டிரம் உருட்டினால் காய் கூடுமா?

கொடியாகப் படர்கிற ரகத்தில் விழுதை மண்ணுக்கு அருகில் கொண்டுவர இப்படிச் செய்வதுண்டு. நாம் போடுகிறவை பெரும்பாலும் கொத்து ரகங்கள், காய் தூரைச் சுற்றியே பிடிக்கும். நான் இதைச் செய்வதில்லை. அந்தக் கூலியை மண் அணைப்பதில் போடுவேன்.

முதல் மழைக்குப் பின்னால் வருகிற கம்பளிப்புழுவை எப்படித் தடுப்பது?

சிவப்புக் கம்பளிப்புழு தனி ஒருவர் தடுக்கிற பூச்சி இல்லை. அதன் கூட்டுப்புழு மரநிழலிலும் வரப்போரத்திலும் மண்ணுக்குள் மாதக்கணக்கில் உறங்கும். கனத்த மழை ஒன்று பெய்ததும் இரண்டு மூன்று நாளில், பொழுது சாய்ந்த பிறகு அந்துப்பூச்சிகள் கிளம்பும். இலைக்கு அடியில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுப்புழு முதலில் ஒரே இலையில் கூட்டமாக இருந்து சுரண்டும். வளர்ந்த பிறகு படையாகக் கிளம்பி ஒரு கொல்லையைத் தின்று தீர்த்துவிட்டு அடுத்த கொல்லைக்கு நடந்தே போகும். அப்போது மயிர் அடர்ந்திருக்கும், மருந்து ஒட்டாது.

ஆகவே நேரம்தான் மருந்து. சித்திரை வைகாசியில் கோடை உழவு ஓட்டினால் கூட்டுப்புழு மேலே வரும், காகமும் மைனாவும் கொக்கும் பார்த்துக்கொள்ளும். வரப்போரத்தையும் வேம்பு, புங்க மரத்தடியையும் மண்வெட்டியால் கொத்திவிடுங்கள், ஏர் அங்கே போகாது. மழை பெய்த அடுத்த நாட்களில் இரவு 7 மணிக்கு மேல் ஊரே சேர்ந்து கொல்லை ஓரங்களில் தீ மூட்ட வேண்டும். அந்து வந்து விழும். ஒருவர் மட்டும் மூட்டினால் ஊரிலிருக்கிற அந்தெல்லாம் அவர் கொல்லைக்கு வரும். காலையில் முட்டைக் குவியலும் கூட்டமாக இருக்கிற குஞ்சுப்புழுவும் உள்ள இலையைக் கிள்ளி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். புழு நடக்க ஆரம்பித்துவிட்டால் கொல்லைக்குக் குறுக்கே ஒரு அடி ஆழத்தில் செங்குத்தான காடி வெட்டுங்கள், விழுந்தது ஏற முடியாது. எருக்கங்கிளையை அங்கங்கே போட்டுவைத்தால் அதில் வந்து அடையும், விடியலில் அள்ளி அழிக்கலாம்.

எங்கள் ஊரில் ஒரு வருடம் இந்தப் பக்கத்தார் எல்லாம் தீ மூட்டினோம், வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம், யாரும் சொல்லவில்லை, அவர்கள் மூட்டவில்லை. பத்து நாள் கழித்துப் புழு அங்கிருந்து நடந்து வந்தது. இப்போது மழை பெய்ததும் இரண்டு ஊருக்கும் ஒரே வாட்ஸாப் குழுவில் செய்தி போகிறது.

சுருள்பூச்சி, வெட்டுப்புழு, இலைப்பேன்?

மழை தள்ளிப்போய் வெயில் காய்ந்தால் சுருள்பூச்சி வரும். இலை மடிந்து தீய்ந்தது போல் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கொல்லையே வெந்த மாதிரி தெரியும். நல்ல மழை ஒன்று பெய்தால் பெரும்பாலும் தானே அடங்கும், அவசரப்பட்டுக் கடும் மருந்து அடிக்க வேண்டாம். நாலைந்து வரிசைக்கு ஒரு வரிசை கம்பு ஊடுபயிராக இருந்தால் இதன் தாக்குதல் குறையும். தொடக்கத்தில் வேப்பங்கொட்டைச் சாறு போதும், 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ கொட்டைப் பருப்பு. புரோடீனியா வெட்டுப்புழுவுக்கு வரப்பில் ஆமணக்கு நடுங்கள். முட்டையை அது ஆமணக்கு இலையில்தான் முதலில் இடும், அந்த இலையைக் கிள்ளினால் தீர்ந்தது.

இலைப்பேனை அலட்சியம் செய்யாதீர்கள். அது குடிக்கிற சாறு பெரிதில்லை, கொண்டுவருகிற வைரஸ்தான் பெரிது. 2000இல் அனந்தபூர் மாவட்டத்தில் லட்சக்கணக்கான ஏக்கர் கடலை நுனி கருகித் தண்டு கறுத்து நின்றது. புகையிலைக் கீற்று வைரஸ் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த வைரஸ் தங்கியிருந்த இடம் பார்த்தீனியம். அதன் மகரந்தத்தில் இருக்கும், இலைப்பேன் அதைச் சுமந்து கடலையில் சேர்க்கும். நம் சாலையோரத்திலும் தரிசிலும் எங்கே பார்த்தாலும் அந்தச் செடிதான். பூப்பதற்கு முன்னால் பிடுங்கிவிடுங்கள், உங்கள் கொல்லை இல்லாவிட்டாலும். கொல்லையைச் சுற்றி நாலு வரிசை சோளமோ கம்போ நெருக்கமாக விதைத்தால் காற்றில் வருகிற இலைப்பேனை அது தடுக்கும்.

இளம் இலை மஞ்சளாகி வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சை. என்ன?

இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணிலும் தண்ணீர் தேங்கும் இடத்திலும் வரும். முதலில் தேங்கிய நீரை வடித்துவிடுங்கள். பிறகு அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் கரைத்து மாலையில் தெளியுங்கள், பத்து நாளில் இன்னொரு முறை.

புள்ளி விழுந்து இலை கொட்டுகிறது. மருந்து அடிக்கலாமா?

எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்தது. டிக்கா இலைப்புள்ளி 35, 40 நாளுக்கு மேல் தெரியும், பின்னாலேயே துருநோய் வரும். 90ஆம் நாளுக்கு மேல் அடி இலையில் புள்ளி இருப்பது இயல்பு, அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். 50, 60 நாளில் பரவினால் விடக்கூடாது. இலை கொட்டினால் காய் திரளாது, மாட்டுக்குக் கொடியும் கிடைக்காது. நம் பக்கம் வீட்டுக்கு வீடு கறவை மாடு. கொடியும் பாதி விளைச்சல் மாதிரிதான். லிட்டருக்கு குளோரோதலோனில் 2 கிராம், அல்லது ஹெக்சகோனசோல் 2 மில்லி. தேவைப்பட்டால் பதினைந்து நாளில் மறுபடியும். ஒரே மருந்தையே திரும்ப அடிக்காமல் மாற்றுங்கள். மருந்து அடித்த கொடியை மாட்டுக்குப் போடும் முன் மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கிற சிட்டையில் உள்ள காத்திருப்பு நாளைப் பாருங்கள்.

தூரில் வெள்ளை நூல் படர்ந்து கடுகு மாதிரி உருண்டைகள் தெரிந்தால் அது தண்டழுகல். அந்தக் கடுகு மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்தக் கொல்லையில் அடுத்த வருடம் கடலை வேண்டாம். கேழ்வரகு, கம்பு, சோளம் போடுங்கள்.

சித்தூர்க் கடைகளில் சொல்லும் பெயர்கள் புரியவில்லையே?

தமிழில் மட்டும் பேசி வளர்ந்த பிள்ளைகள் தவறான மருந்தோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். தெகுலு என்றால் நோய், புருகு என்றால் புழு, கலுப்பு என்றால் களை. இந்த மூன்று தெரிந்தாலே பாதி ஆபத்து போகும். எர்ர கொங்களி புருகு சிவப்புக் கம்பளிப்புழு. ஆகுமுடத சுருள்பூச்சி. வேரு குள்ளு வேரழுகல். ஊடலு திகே தசை என்று தெலுங்குச் சிட்டையில் போட்டிருந்தால் விழுது இறங்கும் பருவம். ஜிப்சம் எல்லா மொழியிலும் ஜிப்சம்தான். சந்தேகம் என்றால் நோய்ப்பட்ட செடியை வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.

காட்டுப்பன்றி, யானை?

காய் திரண்டதும் பன்றிக்கு வாசனை தெரிந்துவிடும். பழைய சேலையை வரப்பைச் சுற்றிக் கட்டுவது நாலு நாள் பலிக்கும், பிறகு பழகிவிடும். சேலை, விளக்கு, சத்தம் என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும், கடைசி இருபது நாள் காவல் இருக்கத்தான் வேண்டும். பலமநேர், குப்பம் பக்கம் கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய கொல்லைகளில் யானை வரும். யானை வந்தால் பயிரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள், காலையில் படம் எடுத்து வனத்துறையில் மனு கொடுங்கள். கம்பியில் மின்சாரம் விடவே விடாதீர்கள். அது சட்டப்படி குற்றம், பன்றிக்கு விட்ட மின்சாரத்தில் மனிதர்களும் யானைகளும் செத்ததுண்டு.

எந்த நாளில் பிடுங்குவது?

100, 105 என்று நாள் கணக்கு ஒரு குறிப்புத்தான். 95ஆம் நாளிலிருந்து கொல்லையின் நாலைந்து இடத்தில் ஒவ்வொரு செடி பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உட்புறம் வெள்ளையாகப் பஞ்சு போல் இருந்தால் பிஞ்சு. பழுப்பு, கறுப்பு ஏறியிருந்தால் முற்றியது. நூற்றுக்கு 75, 80 காய் அப்படி இருந்தால் பிடுங்கலாம்.

பெரும்பாலான கொத்து ரகங்களுக்கு விதையுறக்கம் கிடையாது. முற்றிய பிறகு மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். காயும் விழுதும் பற்று விட்டுப்போய்ப் பாதிக் காய் மண்ணிலேயே தங்கும். அதனால் வானிலை அறிவிப்பில் நீண்ட மழை என்றால், 75 இல்லாவிட்டாலும் 70இல் பிடுங்குவதுதான் என் வழக்கம். மண் இறுகிப்போய்ச் செடி அறுந்து வந்தால் கலப்பையின் ஆழ உழவோ ஒரு தண்ணீரோ தேவைப்படும்.

பிடுங்கிய பிறகு மழை பிடித்துக்கொண்டால்?

குவிக்காதீர்கள். ஈரச் செடியைப் போராகப் போட்டுத் தார்ப்பாய் மூடுவதுதான் மிகப் பெரிய தவறு, உள்ளே வெந்து பூசணம் பிடிக்கும். காய் மேலே, இலை கீழே இருக்கும்படி தலைகீழாக வரிசையாகப் பரப்புங்கள். மழை விட்டால் காற்றே பாதி உலர்த்திவிடும். கொல்லையில் இடம் இல்லையென்றால் வீட்டுத் திண்ணை, மாட்டுக்கொட்டகை, எங்கே காற்று உண்டோ அங்கே மெல்லியதாகப் பரப்பி விசிறி போடுங்கள்.

அந்தப் பச்சை, மஞ்சள் பூசணம் உண்டாக்குகிற நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோது, தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கிலிருந்துதான் இது தெரியவந்தது. ஈரலைத் தாக்கும், புற்றுநோய் உண்டாக்கும், வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதும் போகாது. மாடு தின்றால் பாலில் வரும். கடைசி மூன்று நாலு வாரத்தில் கொல்லை கடுமையாகக் காய்ந்தாலோ கரையான் காயைத் துளைத்தாலோ மண்ணிலேயே தொடங்கிவிடும். கரையான் துளைத்தது, உடைந்தது, சுருங்கியது, பூசணம் பட்டது எல்லாவற்றையும் ஆயும்போதே தனியாகப் பிரித்துக் குழியில் புதையுங்கள். கழித்த காயைச் செக்குக்குக் கொடுப்பதும் மாட்டுக்கு வைப்பதும் நம் ஊரில் வழக்கமாக இருக்கிறது. வேண்டாம். அந்தப் பாலை நம் குழந்தைகள்தான் குடிக்கிறார்கள்.

காயை 8, 9 சதம் ஈரம் வரும்வரை உலர்த்த வேண்டும். கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். பருப்பை விரலால் தேய்த்தால் தோல் உரிய வேண்டும்.

எந்தப் பக்கம் விற்பது?

விலை எங்கே கூடுதலோ அங்கே. ஆனால் மூட்டை அளவு ஊருக்கு ஊர் மாறும், அதனால் மூட்டை விலையை ஒப்பிடாமல் கிலோ விலையை ஒப்பிடுங்கள். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2025-26க்குக் குவிண்டால் காய்க்கு 7,263 ரூபாய். அதற்குக் கீழே வியாபாரி கேட்டால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விசாரியுங்கள். மானியமும் காப்பீடும் நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான், நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை. ஆந்திரச் சர்வே எண் என்றால் விதைத்ததும் ஈ-கிராப்பில் பதிவு செய்ய வேண்டும், தமிழ்நாடு என்றால் உழவன் செயலியும் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலும். இரண்டு பக்கமும் நிலம் உள்ளவர்கள் இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

விதைக்காயை எப்படி வைத்திருப்பது?

விற்ற பிறகு மீந்ததை விதைக்கு வைப்பதை விட்டுவிடுங்கள். பிடுங்குவதற்கு முன்பே கொல்லையில் நல்ல இடத்தைப் பார்த்து, நோயில்லாத, கொத்தாகக் காய்த்த செடிகளைத் தனியாகப் பிடுங்கி, தனியாக ஆயுங்கள். விதைக்காயைச் சிமெண்டுக் களத்தில் உச்சிவெயிலில் போடக் கூடாது, சூட்டில் முளை செத்துவிடும். காலையிலும் மாலையிலும் வெயில், நடுப்பகலில் நிழல். நன்றாகக் காய்ந்ததும் ஓட்டோடு புதுச் சாக்கில் கட்டி, தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் வையுங்கள். பக்கத்தில் உரமூட்டை வேண்டாம். மாதம் ஒரு முறை அவிழ்த்து ஓட்டில் துளை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், கடலை வண்டு என்றால் உடனே வெயில் காட்டிப் பிரிக்க வேண்டும். ஐப்பசியில் எடுத்த காய் ஆடிக்கு நன்றாக முளைக்கும். இரண்டாம் வருடத்துக்கு வைக்காதீர்கள்.

சாக்கின் மேல் ரகத்தின் பெயரும் பிடுங்கிய தேதியும் எழுதிக் கட்டுங்கள். ஆடியில் அவிழ்க்கும்போது முதல் 100 பருப்பு ஈரச்சாக்குக்கு.